பேருந்து திரும்பிய இடம்

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் தொழில். விருதுநகரில் வீட்டு மாடியிலேயே வேலை. வரைந்ததைக் காட்டி ஒப்புதல் வாங்க மட்டும் கம்பெனிகளுக்குப் போய் வருவேன். எப்போதும் ஸ்கூட்டரில்தான் போவேன். அன்று அது ஒர்க் ஷாப்பில் கிடந்ததால் சாத்தூர் வந்து டவுன் பஸ் ஏறினேன். தீபாவளி ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். அச்சங்குளம் போய்ச் சேர்வதற்குள் பாக்கி மெயில்களுக்குப் பதில் போட்டுவிடலாம் என்று ஜன்னலோரமாகக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு கட்டைப்பை. பை நிறையப் பூ வாசம்.

"எங்கன போறீக?"

"அச்சங்குளம்" என்றேன், தலை நிமிராமல்.

"நான் அதுக்கும் அங்கிட்டு, கடைசி ஸ்டாப்பு. எங்க ஊருக்கு மொத மொதல்ல இன்னைக்குத்தான் பஸ் வருது. இந்தப் பஸ்தான். ஊரே அங்கன காத்துக்கிட்டு நிக்கிது. பஸ்ஸோட கூட ஒருத்தி வரணும்ல? வழி மாறிப் போயிட்டா?"

அவர் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. நகக்கண்களில் வெள்ளி நிற மருந்துத்தூள் ஒட்டியிருந்தது. முழங்கைவரை முள் கிழித்த தழும்புகள். கம்பெனிக்குப் போக வர வேன் உண்டு. மற்ற எதற்கும் மெயின் ரோட்டுக்கு நடந்துதான் வர வேண்டும். வழி முழுக்க இரண்டு பக்கமும் சீமைக் கருவேலங்காடு.

"பொம்பளைகளுக்கு டவுன் பஸ் இலவசம்னு அறிவிச்சப்ப எங்க ஊர்ல எல்லாரும் சிரிச்சோம் தாயி. பஸ்ஸே இல்லாத ஊர்ல இலவசம் என்ன, காசு என்ன?"

சிரிப்பு அடங்கியதும் மகளைப் பற்றிச் சொன்னார். சாத்தூரில் காலேஜில் சேர்ந்த மகள், மாலையில் இருட்டிய பிறகு அந்தக் காட்டு வழியே வருவதற்குப் பயந்து பாதியில் நின்றுவிட்டாள். அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்கே வருகிறேன் என்று சொன்னாளாம்.

"அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு. மறுவாரமே பொம்பளைக எல்லாம் சேந்து சூலக்கரைக்குப் போனோம், கலெக்டர் ஆபீசுக்கு. பேரப் பூரா எழுதி மனுக் குடுத்தோம். ஆபீசர்மாரு ஊருக்கு வந்து பாத்தாக. ரோடு சரி, ஆனா பஸ் திரும்ப எடமில்லையேம்மான்னாக. எடம் இருந்தா விடுவீகளான்னு கேட்டேன். இருந்தாப் பாக்கலாம்னாக. அந்த ஒத்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டோம்."

ஊர்க் கோடியில் புறம்போக்கு நிலம் ஒன்று கருவேலம் மண்டிக் கிடந்திருக்கிறது. அதை வெட்டிக்கொள்ளத் தாலுகா ஆபீசில் அனுமதி வாங்கினார்கள். கம்பெனி லீவு நாளிலெல்லாம் பெண்கள் அரிவாளோடு இறங்கினார்கள். பொம்பளைகள் பஸ் ஸ்டாண்டு கட்டுகிறார்களாம் என்று ஆண்கள் கேலி பேசினார்கள். மரத்தை வெட்டிவிட்டார்கள், தூர் மட்டும் வரவே இல்லை. ஒருத்தி தூரைப் பிடித்து இழுத்துப் பின்னால் விழுந்தாள். அதைப் பார்த்துச் சிரித்த அவள் புருஷனே கடப்பாரையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தாராம். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

"சரள் மண்ணடிச்சு நெரவிட்டு, லோடு லாரி டிரைவர் ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டியாந்து திருப்பச் சொன்னோம். ஒரே வளைப்புல திரும்பல. எனக்கு அழுகையே வந்திருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இன்னும் வெட்டுனோம்!"

அதற்குள் கண்டக்டர் விசில் ஊதினார். "அச்சங்குளம் எறங்குங்க!"

அவர் காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டார். "உங்க ஸ்டாப்பு வந்திருச்சு."

நான் எழுந்தேன். கதை இத்தனை தூரம் வந்த பிறகு எப்படி இறங்குவது? மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

பஸ் மெயின் ரோட்டை விட்டு வளைந்ததும் அவரால் உட்கார முடியவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஊர் எல்லையில் புதுச்சேலைகளாகத் தெரிந்தது. மேளம் கேட்டது. ரோட்டோரம் சரவெடி சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு ஆள் ஊதுவத்தியோடு குனிந்தார். பக்கத்திலிருந்தவர் என்னைத் தாண்டி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஏலே! பஸ் தள்ளிப் போன பெறவு பத்த வைங்கலே! வெடி செய்யுற ஊர்ல இதக்கூடச் சொல்லணுமா?"

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார். மாலை கண்ணாடிக்கு ஒன்று, டிரைவர் கழுத்துக்கு ஒன்று. எலுமிச்சம்பழங்கள் டயருக்கடியில் போயின. குலவைச் சத்தத்தோடு கூட்டம் பஸ்ஸின் கூடவே ஓடி வந்தது.

ஊர்க் கோடிக்கு வந்ததும் மேளம் நின்றது. எதிரே சரள் பரப்பிய வெட்டவெளி, சுற்றிலும் கருவேலம். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து வளைத்தார். பஸ்ஸின் மூக்கு முள்வேலி ஓரம்வரை போய், உரசாமல் நகர்ந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடப் பின்னால் எடுக்காமல், ஒரே வளைப்பில் பஸ் முழுசாகத் திரும்பி ஊரைப் பார்த்து நின்றது.

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் சரவெடியே கொஞ்சம் அடங்கித்தான் கேட்டது. எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் இறங்கியதும் யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள், யாரோ வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். நானும் கத்தினேன் என்பது தொண்டை கட்டிய பிறகுதான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் காலேஜ் பெண்கள் முட்டி மோதி ஏறினார்கள். அவர் மகளும் ஏறினாள். அந்த வருஷம் மறுபடி சேர்த்திருந்தார்கள். புதுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா படிக்கட்டுக்கு வந்து கண்டக்டரைக் கேட்டார்.

"சாயங்காலமும் வருவீகள்ல?"

"சாயங்காலமும் வரும், நாளைக்கும் வரும்க்கா. தினமும் வரும்!"

அவர் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "தினமும் வருமாம்!"

மேளம் மறுபடி தொடங்கியது. கண்டக்டர் விசில் ஊதியதும் பஸ் கிளம்பியது.