செலின் மேமின் கூண்டு என்னிடம்தான் இருக்கிறது

பெருங்களத்தூரில் பேருந்து நின்றுவிட்டது. பொங்கலுக்கு ஊர் போகிற கூட்டம். ஜிஎஸ்டி சாலை முழுக்கப் பெட்டிகள், பைகள், தோளில் தூங்கும் குழந்தைகள். பொழுது போகாமல் கைபேசியைத் திறந்தேன். கல்லூரி ஆசிரியர் குழுவில் தேர்வு மேற்பார்வைப் பட்டியல் வந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. கணிதத் துறை செலின் மேம் இன்று மதியம் மாரடைப்பால் காலமானார். அதற்குக் கீழே கூப்பிய கைகள். விரலால் தள்ளத் தள்ள, கைகள்.

நான் கைகளைப் போடவில்லை. முந்தைய நாள் அவர் எனக்கு அனுப்பியிருந்த செய்திக்குப் போனேன். "உங்க பக்கத்து வீட்டுல கொய்யா மரம் கழிக்கிறாங்கன்னு சொன்னியே. நாலு குச்சி எடுத்து வை. மருந்து அடிச்ச மரமான்னு கேட்டுக்கோ."

கேட்டுவிட்டேன், மேம். அடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு அங்கேயே இறங்கி, சேலையூருக்குத் திரும்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலையூர் வீட்டுக்கு வந்தவர்கள், அடக்கப் பூசையில் நின்றவர்கள், குழுவில் கைகூப்பியவர்கள். நீங்கள் நல்லவர்கள். ஆனால் உங்களில் பலர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பாவம், தனியா இருந்தாங்க, அதான் குருவி வளர்த்தாங்க. சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலாகாலத்துல நீயும் ஒரு கல்யாணம் பண்ணிக்கோம்மா. இல்லன்னா கடைசியில இந்தக் குருவிங்கதான்."

இல்லை. தனிமைக்காக அவர் பறவை வளர்க்கவில்லை. பிடித்திருந்தது, வளர்த்தார். இந்தக் காரணம் ஏன் யாருக்கும் போதவில்லை என்று தெரியவில்லை.

நான் தமிழ்த் துறை. இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள் என்பதால் ஆசிரியர் அறையின் கடைசி மேசை எங்களுக்கு. நான் வேலையில் சேர்ந்த புதிதில், அறைக்கு வெளியே இருந்த வாஷ்பேசினில் ஒருவர் மரக்கிளையைக் கழுவிக்கொண்டிருந்தார். கேண்டீனுக்குப் பின்னால் நிற்கும் கொய்யாவின் கிளை. பழைய டூத் பிரஷால் கணு கணுவாகத் தேய்த்தார். மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். துறைத் தலைவர் வந்து நின்றார்.

"மேம், இது காலேஜ்."

"ஆமா சார். வீட்டுல தண்ணி வரலை."

அவர் போய்விட்டார். கிளை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், கொறிக்க ஒன்றும் இல்லையென்றால் வம்பு செய்வார்கள் என்றார். ஐந்து பிள்ளைகளா என்று மனதுக்குள் வியந்தேன்.

பட்ஜிகள். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற சின்னக் கிளிகள். நம் நகம்போல அவற்றின் அலகு வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கடிக்க எதுவும் கிடைக்காத பட்ஜி கூண்டுக் கம்பியைக் கடிக்கும். கம்பியும் அலுத்துப்போனால் தன் இறகையே பிடுங்கும். "சும்மா இருக்கிற அலகுதான் கெட்டுப்போகும்" என்பார். ஆசிரியர் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் குனிந்து மேசையைப் பார்க்கும்போது ஒரு கை மட்டும் உயரும். அப்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம் நினைவுக்கு வரும்.

கேம்ப் ரோட்டில் ஒரு பறவைக் கடை. பறவைத் தீனி வாங்கப் போனவருடன் நானும் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு தொங்கட்டானை எடுத்துக் காட்டினார். சிவப்பு, பச்சை, நீல மரத்துண்டுகள், நடுவில் நைலான் கயிறு. இம்போர்ட்டட் என்றார். செலின் மேம் சிவப்புத் துண்டை நகத்தால் சுரண்டினார். நகம் சிவந்தது. விரலைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதல்ல நீங்க ஒரு தடவை நக்குங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

"இன்னா மேடம், காலங்காத்தால பேஜார் பண்றீங்க."

"சாயம் வயித்துக்குள்ள போகும். நூல் கால்ல சுத்தும். நானா பேஜார் பண்றேன்?"

வெளியே வந்ததும் நான், விலையைப் பார்த்துத்தான் மறுத்தீர்களோ என்று கேட்டேன். சிரித்தார். விலை கம்மியா இருந்தா மட்டமா இருக்கும்னு உனக்கு யார் சொன்னது என்றார். பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே, "மரத்துல காய்க்கிறதுக்கு விளம்பரம் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

உண்மையில் அவர் வீட்டுக் கூண்டுக்குள் கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் ஒன்றுகூட இல்லை. உட்காரக் கொய்யாக் கிளை. அதுவே கடிக்கவும். முருங்கைக் குச்சி, இலையோடு. பிரித்துப் பந்தாக உருட்டிய தேங்காய் நார். மக்காச்சோளத்தின் தோல். அச்சடிக்காத அட்டைப்பெட்டியின் துண்டுகள், பின்னும் டேப்பும் எடுத்தது. அரளிக் கிளை ஒன்றை நான் அழகாக இருக்கிறதே என்று எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். அரளி விஷம் என்று நமக்குத் தெரியும், பறவைக்குத் தெரியாதே என்றார். ப்ளைவுட் வேண்டாம், அதில் பசை. பெயிண்ட் அடித்த எதுவும் வேண்டாம். ஊர் பேர் தெரியாத மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஐந்தில் ஒன்று நீலம். யாரோ வளர்க்க முடியாமல் கொடுத்தது. வரும்போது மார்பில் இறகே இல்லை, வெறும் தோல். மைனஸ் என்று பெயர் வைத்தார். அது எதையும் கடிக்காது, தன்னைத்தான் கடிக்கும். கொய்யாவைக் காட்டினார், நாரைக் காட்டினார். திரும்பிக்கொண்டது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு வந்தது. எல்லோரையும்போலக் கோயிலிலிருந்து மந்திரித்த ஓலையோடு வந்தார். அந்த ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். அடுத்த தவக்காலம் தொடங்குமுன் கோயிலில் சேர்த்துவிடுவார்கள். எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் பூச. செலின் மேம் பாதி ஓலையைப் படத்துக்குக் கொடுத்தார். பாதியைக் கிழித்துக் கூண்டில் தொங்கவிட்டார். மைனஸ் வந்தது. ஓலையின் ஓரத்தை மெல்லக் கடித்தது. பிறகு நிறுத்தவே இல்லை.

மாடி வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுப் பதறினாராம். மந்திரிச்ச ஓலையைப் பறவைக்குப் போடலாமா. விஷயம் பங்குச் சாமியார் வரை போனது. அவர் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பேச்சைச் செலின் மேம் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"ஃபாதர், எங்க வீட்டுல ஒரு நோயாளி இருக்கு. அதுக்குத்தான் கொடுத்தேன்."

"குணமாச்சா?"

"இறகு வருது ஃபாதர்."

அடுத்த வருடம் சாமியாரே தனியாக ஒரு கட்டு ஓலை எடுத்து வைத்திருந்தாராம். மைனஸுக்கு மார்பு முழுக்க இறகு வந்துவிட்டது. பெயரை மட்டும் செலின் மேம் மாற்றவில்லை. மைனஸை எதிலிருந்து கழிக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று ஏதோ கணக்குச் சொன்னார். எனக்குப் புரியவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் கன்னியம்மா. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருபவர். கணவாய் மீனைச் சுத்தம் செய்யும்போது முதுகிலிருந்து வரும் வெள்ளை ஓட்டைத் தூக்கிப் போடாமல் செலின் மேமுக்காக எடுத்துவைப்பார். பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துக்கு அது, அலகு தீட்டவும் அது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு போக்கி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைப்பார்.

"மீனு வாங்க வர்றியா, ஓடு வாங்க வர்றியா டீச்சர்?"

"ரெண்டுக்கும்தான்."

"மீன நீ துன்றியா, அதுங்களுக்குக் குடுத்துக்கினு கீறியா?"

இதே கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். இருவரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள்.

இனி ஒரு மஞ்சள் பறவை. போன வருடம், அவர் தெருமுனையில். யாரோ பிறந்தநாளுக்குப் புண்ணியம் என்று ஒரு கூண்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த பறவை. இரை தேடத் தெரியாது. காக்கையைத் தெரியாது. மின்கம்பத்தின் கீழே கிடந்தது. நாங்கள் கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். செலின் மேம் கைக்குட்டையில் எடுத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. கோபம். "திறந்து விட்டது அவங்க மனசுக்காக. செத்தது இது" என்றார்.

ஆகவே செலின் மேம் இறந்த ஏழாம் நாள் நடந்ததை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். டீ கொடுத்தார்கள். செலின் மேமின் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், தங்கையை இழந்தவர், அழுது முகம் வீங்கியவர். எல்லோரையும் மொட்டைமாடிக்கு வரச் சொன்னார். கூண்டு ஏற்கெனவே அங்கே இருந்தது. தங்கையின் ஆத்மாவுக்காகப் பறவைகளைத் திறந்துவிடப்போவதாகச் சொன்னார். சிலருக்குக் கண் கலங்கியது. பலர் கைபேசியை உயர்த்தினார்கள். அழகான காட்சிதான். நானும் ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் இரண்டு காக்கைகள்.

நான் கூண்டின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கை கதவில் இருந்தது.

"அண்ணா, தொட்டி மேல பாருங்க."

"கடவுள் பாத்துக்குவாரும்மா."

"இவ்வளவு நாள் செலின் மேம்தான் பாத்துக்கிட்டாங்க. இனி நான் பாத்துக்கிறேன்."

மஞ்சள் பறவையைப் பற்றிச் சொன்னேன். அவர் தங்கை சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் யாரோ, இவ யாரு இதைச் சொல்ல என்றார்கள். சரியான கேள்வி. நான் ரத்த உறவு இல்லை. கடைசி மேசையின் மறுபாதி. அவ்வளவுதான். நான் கூண்டை அடியில் பிடித்துத் தூக்கினேன். அவர் கை நழுவியது. உள்ளே ஐந்தும் சிறகடித்தன. படிக்கட்டில் இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. கைபேசிகள் என்னைப் படம் பிடித்தன என்று பிறகு தெரிந்தது.

கீழே, கேட்டருகில் கன்னியம்மா. மேலே வரக் கூச்சப்பட்டு நின்றிருக்கிறார். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"எங்க தூக்கினு போற?"

"எங்க வீட்டுக்கு."

"டீச்சரு அண்ணன் சொல்லிச்சா?"

"இல்ல."

அவர் கூண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொட்டலத்தை என் தோள்பைக்குள் திணித்தார். "ஊற வச்சிக் காய வையி. டீச்சரு பண்ற மாரி. சும்மா குட்த்துடாத, உப்பு."

குழுவில் என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தேன். துக்க வீட்டில் மரியாதை தெரியாதவள். சடங்கைக் கெடுத்தவள். இரண்டாவது உண்மை. அந்தச் சடங்கு கெட வேண்டியதுதான். அண்ணனுக்கு மட்டும் தனியாக எழுதினேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று. பார்க்கத்தான், திறக்க அல்ல.

இளைப்பாறட்டும் என்று நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். என்னால் எழுத முடியவில்லை. அவர் இளைப்பாற விரும்பி நான் பார்த்ததே இல்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இவை. ஐந்து பறவைகள். எந்தப் பளபளப்பையும் முதலில் நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம். கூட்டத்தில் உயர்கிற கை. போன வாரம் அது உயர்ந்தது, என்னுடையதுதான், இறக்கவில்லை. பிறகு இந்தச் சத்தம். பக்கத்து வீட்டுக் கொய்யாவின் பட்டையை மைனஸ் உரித்துக்கொண்டிருக்கிறது. பட்டை முழுக்கப் போய் மரம் வெள்ளையாகத் தெரிகிறது.

ஓலை தீர்ந்துவிட்டது. வரும் குருத்தோலை ஞாயிறன்று சேலையூர்க் கோயில் வாசலில் நான் நிற்பேன். நான் கிறிஸ்தவள் அல்ல. உங்களில் சிலர் அங்கே வருவீர்கள், என்னைப் பார்ப்பீர்கள். கை நீட்டி ஓலை கேட்பேன். எதற்கு என்று கேட்டால் சொல்வேன்.

கடிக்க.