ரேடியோவின் மூன்று பற்கள்

கடுந்தேநீரை அவர் உடனே விழுங்குவதில்லை. இடக்கன்னத்திலிருந்து வலக்கன்னத்துக்கு ஓட்டி, முன்பற்களில் நன்றாக ஊறவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார். முடிவெட்டும் கடையைத் திறந்ததும் முதல் வேலை இதுதான். "எல்லாரும் கறை போகத் தேய்க்கிறாங்க. இவர் கறை ஏற ஊறப்போடுறார்" என்கிறார் மனைவி, துண்டுகளை மடித்தபடி.

அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். சீப்பை எடுத்தால் வாயும் திறந்துகொள்ளும். நாற்காலியில் இருப்பவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, மாமியார் சண்டை முதல் மழை வராத காரணம்வரை அளப்பார். முடி அரை மணியில் முடியும், கதை முடியாது. முன்வரிசையில் மூன்று பற்கள் மட்டும் டாக்டர் கட்டியவை, இளமையில் சைக்கிளிலிருந்து விழுந்ததன் மிச்சம். டீயும் வருஷங்களும் சேர்ந்து அவை பழைய சுவிட்சுப் பலகை போல மஞ்சளித்திருந்தன.

யாரோ ஒரு வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டு, வெளுக்கும் மருந்து வாங்கி ரகசியமாகப் பூசிவந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சொந்தப் பற்களெல்லாம் பளீரென்று வெளுத்தன. கட்டின மூன்றும் இம்மியும் மாறவில்லை. முன்பு யார் கண்ணிலும் படாதது, இப்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

பல் டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "பீங்கானுக்கு எந்த மருந்தும் ஏறாதுங்க. மேல படிஞ்ச கறையை வேணும்னா பாலிஷ் போட்டு எடுக்கலாம். வெள்ளையா வேணும்னா புதுசுதான் கட்டணும். ஆனா இதைக் கழட்டுறப்ப, தாங்குற பல்லும் உடைஞ்சாலும் உடையும். இல்லேன்னா சும்மா விடுங்க, உங்க பல்லு தானா பழைய நிறத்துக்கு வந்துடும்."

சும்மா விடுகிற ஆளா அவர்? கறை சீக்கிரம் ஏறட்டும் என்று அன்றே டீயில் பாலை நிறுத்தினார். நாற்காலியையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். கண்ணாடி வெளிச்சம் கூசுகிறது என்று சாக்கு. எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கிற தன் கடையில் நிற்க அவருக்கே பிடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் வாரம் தவறாமல் வந்தார். தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. மனைவி போன பிறகு, பேச ஆளில்லாமல் வருகிறவர். நேற்று கழுத்தில் துணியைக் கட்டும்போது சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, என்மேல ஏதாவது வருத்தமா? இருந்தா சொல்லிடு. நான் வேற கடைக்குப் போயிக்கிறேன்."

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. "ஐயோ அண்ணே, அதெல்லாம் இல்ல" என்றார், உதட்டைப் பாதிகூடத் திறக்காமல். அதை யார் நம்புவார்கள்? தபால்காரர் துணியின் முடிச்சை அவிழ்க்கக் கையைத் தூக்கினார்.

ரேடியோ அந்தக் கையைப் பிடித்துத் திரும்பத் துணிக்குள் வைத்தார். நாற்காலியைச் சுழற்றிக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தினார். பின்னால் நின்று, ஒரு கையில் சீப்பும் மறுகையில் கத்தரிக்கோலுமாக, விளக்குக்கு முகத்தைத் தூக்கி, எல்லாப் பற்களும் தெரிய 'ஈ' என்று காட்டினார்.