பிரீத்தி சொன்ன ரோபோ கதை

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பேக்கிங் ஷெட்டில் பிரீத்திக்கு ஆறு வருசம். வயது முப்பத்தொன்று. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் திருத்தங்கலிலிருந்து கம்பெனி வேனில் வரும்போது போனில் பார்த்ததை, மதியச் சாப்பாட்டில் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு அவள் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

அவள் பார்த்தது ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர். பனைமர உயரத்துக்கு ரோபோக்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார். முதலில் அவள் சண்டையைத்தான் சொன்னாள். எத்தனை குண்டு போட்டது, எந்தக் கை பிய்ந்தது என்று. பெண்கள் கொட்டாவி விட்டார்கள்.

பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கும் மருந்து அறையில் வேலை பார்க்கும் வள்ளித்தாய்தான் கேட்டாள். "எந்திரம் கெடக்கட்டும்த்தா. உள்ள உக்காந்திருக்கவ யாரு? சாப்பிட்டாளா?"

பிரீத்திக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. தன்னையும் அந்தத் தொடர் இழுத்துப் பிடித்திருந்தது எந்திரத்தால் அல்ல, உள்ளே இருந்த ஆளால்தான். மறுநாள் உள்ளே இருந்தவளைப் பற்றிச் சொன்னாள். வெல்டிங் வேலை பார்த்த பிள்ளை. சூடு தாங்காமல் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டுவாள். எதிரி ரோபோவை உடைத்துத் திறந்தால், அங்கேயும் அவள் வயதில் ஒருத்தன் அழுதுகொண்டிருப்பான். சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோன பெண்களின் கைகள் அப்படியே நின்றன.

அதுவரை பிரீத்தி பேசி யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை, வீட்டில்கூட. வள்ளித்தாய் அவளுக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவர ஆரம்பித்தாள்.

முப்பத்தேழாவது பாகத்தில் அந்தப் பிள்ளை செத்துப்போனது. பிரீத்தி அப்படியே சொன்னாள். யாரும் சாப்பிடவில்லை.

வள்ளித்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "நீயி பொழைக்க வச்சுச் சொன்னா என்ன? எங்களுக்குத் தெரியவா போகுது?"

"செத்துட்டாளேக்கா. மாத்திச் சொன்னா, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும்."

இரண்டு நாள் வள்ளித்தாய் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கண்ணுக்குள்ளயே நிக்கிறா பாவி மக. சரி, மிச்சத்தச் சொல்லு."

சொல்லி முடிக்கவில்லை. தீபாவளி சீசன். ஆர்டர் நெருக்கியதால் நாலு பேர் உட்காரவேண்டிய மருந்து அறையில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வெடித்தது. ஆறு பேர் அங்கேயே போய்விட்டார்கள். வள்ளித்தாய்க்கு மட்டும் உயிர் இருந்தது.

பிரீத்தி மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுக்கு வெளியே தெரிந்தது கண்ணும் வாயும்தான். அவளை அடையாளம் கண்டுகொண்ட வள்ளித்தாய் மெதுவாக, "மிச்சம்?" என்றாள்.

பிரீத்தி கட்டிலை ஒட்டிக் குனிந்தாள். "அவ சாகலையாம்க்கா. கதவை ஒடச்சு வெளிய எடுத்துட்டாக. நேத்துதான் காமிச்சாக."

வள்ளித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்யி," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை விடியும் முன்னே உயிர் போயிற்று.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். இனிமேல் பட்டாசு வேலையே வேண்டாம் என்றாள் பிரீத்தியின் அம்மா பாக்கியவதி. "வேற என்ன வேலைம்மா இருக்கு?" என்று கேட்டாள் மகள். தை பிறந்ததும் பிரீத்தி எம். புதுப்பட்டியில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கும் பேக்கிங்தான். தொடரில் இன்னும் பதினோரு பாகங்கள் இருந்தன, அவள் திறக்கவில்லை. ஈரத்துணி போட்ட அந்தத் தலை மட்டும் நினைப்பில் வந்துகொண்டே இருந்தது. அது கூடவே வள்ளித்தாயையும் கூட்டிக்கொண்டு வந்தது.

புது இடத்துப் பெண்கள் நல்லவர்கள். "தனியா உக்காந்து என்ன செய்யுதீக? இங்கன வந்து சாப்பிடுங்க," என்று கூப்பிட்டார்கள். பிரீத்தி போய் உட்கார்ந்தாள். சீரியல், மருமகள், ரேஷன் என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்க, எல்லாருக்கும் முந்திச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிவிட்டு, அட்டைப்பெட்டி மடிக்கப் போய்விட்டாள்.