செவலைக்கு நியமன ஆணை

வில்லியனூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கேன்டீனில் ஜெயசுதா பதினோரு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள். ஒப்பந்தக் கூலி. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதைப் பக்கெட்டில் அள்ளிப்போய்த் தன் பசு செவலைக்கு வைப்பாள். சோறு குப்பையில் போவானேன் என்பதற்கு மேல் அதில் அவளுக்குக் கொள்கை எதுவும் கிடையாது.

கொள்கை கல்லூரிக்குத்தான் வந்தது. எதையும் வீணாக்காமல் நெடுநாள் தாங்குகிற கல்லூரி எது என்று மதிப்பெண் போட ஒரு குழு வருகிறதாம். இதற்குப் பொறுப்பான பேராசிரியர் அருள்மொழி வளாகத்தைச் சல்லடை போட்டுத் தேடினார். மண்புழு உரத்தொட்டியில் மண் இருந்தது, புழு இல்லை. கடைசியில் அந்தப் பக்கெட் கண்ணில் பட்டது.

"மாட்டை இங்கயே கட்டும்மா. உன் வேலையை பர்மனென்ட் பண்ணித் தரேன்."

ஜெயசுதா நம்பினாள். பாவம், வேறென்ன செய்வாள்!

செவலைக்குத் தகரக் கொட்டகை போட்டார்கள், மின்விசிறி மாட்டினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பதவி: உணவுக் கழிவு மேலாண்மை அலகு. ஜெயசுதாவுக்கு இதுவரை எந்த அட்டையும் கொடுத்ததில்லை.

குழு வந்த அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழுத் தலைவி கேட்டார்: "இதெல்லாம் நாளைக்கும் தொடருமா?"

"மாட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு நியமன ஆணையே போட்டுட்டோம், மேடம்" என்றார் அருள்மொழி.

"இந்த அம்மாவுக்கு?"

"அவங்க கான்ட்ராக்ட். இந்த மாசத்தோட முடியுது."

தலைவி தலையாட்டிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம். ஜெயசுதா செவலையை அவிழ்த்துக்கொண்டு நடந்தாள். "அம்மா, இன்ஸ்பெக்‌ஷன்!" என்று அருள்மொழி பின்னாலேயே ஓடினார்.

வாசலில் காவலாளி செல்லப்பன் மறித்தான். "டூட்டி நேரத்துல வெளிய போவணும்னா பாஸ் வேணும்க்கா."

"எனக்கா?"

"உனக்கு இன்னாத்துக்கு? நீ போ. மாட்டுக்கு வேணும். அட்டை போட்டிருக்குதே."

ஜெயசுதா அட்டையைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்தாள்.

"இப்ப அதுவும் என்னை மாதிரிதான். வழி வுடு."

செல்லப்பன் கேட்டைத் திறந்துவிட்டான்.