மற்றபடி நலம்

"யாருய்யா படிக்கட்டுல சைக்கிளைச் சாத்தி வெச்சது? எடு! நான் என்ன பறந்தா வர்றது?"

எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்குக் கடிகாரம் தேவையில்லை. ஹாரன் அக்கா வேலை முடிந்து படியேறி வருகிற சத்தம் போதும். முதல் தளத்தில் சைக்கிள்காரனுக்கு ஒரு திட்டு, இரண்டாம் தளத்தில் குப்பை வாளியை மூடாதவருக்கு ஒரு திட்டு, மூன்றாம் தளத்தில் என் வீட்டுக் கதவை ஒரு தட்டு. "இன்னும் தூக்கமா, பேப்பர்காரரே?" பேப்பர்காரர் என்றால் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர், நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "ரெண்டும் பேப்பர்தானே?" என்று கேட்டுவிட்டு, ஈரக் கால்சட்டையை முறுக்கிப் பிழிந்தபடியே நான்காம் தளத்துக்குப் போய்விடுவார்.

பேருந்து டிப்போவில் ராத்திரியில் வண்டி கழுவுகிற வேலை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளமான கழியில் கட்டிய பிரஷ்ஷால் கூரையிலிருந்து தேய்த்துக்கொண்டு இறங்க வேண்டும். அப்புறம் உள்ளே. சீட்டுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அவர் வழங்குகிற ஆசீர்வாதத்தை அச்சில் ஏற்ற முடியாது. விரல் நுனியெல்லாம் எப்போதும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். வலது உள்ளங்கையில் மட்டும் வழுவழுவென்று ஒரு தழும்பு. இஞ்சின் மூடி திறந்திருந்த நேரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, கொதிக்கிற ரேடியேட்டரில் கையை வைத்துவிட்டாராம். "சூடா இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா? சொல்லித் தந்திருந்தா ஏன் வைக்கப் போறேன்?"

அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது எல்லாம். மெக்கானிக்குகள் அவரைக் கிட்டவே சேர்க்கவில்லை. அக்காவா விடுகிறவர்? கனரக வாகன மெக்கானிக் படிப்பு சொல்லித் தருகிற பயிற்சி நிலையம் எது என்று விசாரித்து, நேராகப் போய் நின்றார். ஒரு வருடப் படிப்பு. நாற்பதைத் தாண்டிய பெண்மணியைப் பார்த்ததும் நேர்காணல் செய்தவர்கள், இந்த வயதில் எதற்கு என்று கேட்டார்களாம். "வயசு எனக்குத்தான் ஆவுது, இஞ்சினுக்கு அது தெரியவா போவுது?" என்றாராம். சிரித்துவிட்டு இடம் கொடுத்துவிட்டார்கள்.

இடம் கிடைத்தது, கட்டணம்தான் இடித்தது. வகுப்பு தொடங்குவதற்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்கு அந்த இடம் போய்விடும். அக்கா சம்பளம், அவர் வீட்டுக்காரர் பெயின்ட் அடித்துக் கொண்டுவருவது, மகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பெருமூச்சுதான். வயது வரம்பு பார்க்காமல் படிப்புக்கு உதவித்தொகை தரும் அறக்கட்டளை ஒன்றுதான் வழி என்று ஆயிற்று.

விண்ணப்பத்தை எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 'குடும்பத்தின் கஷ்டங்களை விரிவாக எழுதவும்' என்று போட்டு ஒரு முழுப் பக்கம் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: 'கட்டணம் கட்டப் பணம் போதவில்லை. மற்றபடி நலம்.'

நான் பேனாவை எடுத்து நீட்டினேன். "அக்கா, இப்படி எழுதினா யாரு குடுப்பாங்க? கொஞ்சம் உருக்கமா..."

"உருக்கறதெல்லாம் உங்க பத்திரிகையில வெச்சுக்கங்க. நான் என்ன ஒப்பாரியா வைக்கப் போறேன்? படிக்கக் கேக்கறேன். குடுத்தா குடுக்கட்டும்."

சரி, இந்த மனுஷியிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது என்று விட்டுவிட்டேன்.

விண்ணப்பம் போட்டால் மட்டும் தீராது. அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, என்னென்ன சாமான் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். அதற்கென்று எங்கள் குடியிருப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. அதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், சாமான்களுக்குக் கால் முளைத்துவிடும். பிரிட்ஜ் மேல் மாடிக்கு ஏறும். சோபா பக்கத்து வீட்டுக்கு நடக்கும். போன வருடம் யாருடையதோ ஒரு கட்டில் என் வீட்டில் விருந்தாடிவிட்டுப் போனது. இதையெல்லாம் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா வீட்டில் இருப்பதிலேயே கண்ணைப் பறிப்பது ஒரு வாஷிங் மெஷின். கூடத்தில், வாசலைத் திறந்தவுடன் முகத்துக்கு நேராக நிற்கும். "அதை மட்டும் எங்க வீட்டுல தள்ளிடுங்கக்கா. வர்ற ஆளு மனசு இளகற மாதிரி வீடு இருக்கணும்" என்றார் எதிர்வீட்டுத் தையற்காரம்மா. அவருக்கு அனுபவம் உண்டு. மகனின் கல்லூரிப் படிப்புக்கு அவரும் அதே இடத்தில்தான் விண்ணப்பித்திருந்தார்.

"இளகறதுக்கு அந்த ஆளு என்ன வெண்ணெயா? பொழுதன்னிக்கும் ஊரு பஸ்ஸைத் தேய்க்கறேன். வீட்டுலயும் நானே தேய்க்கணுமான்னுதான் தவணை கட்டி இதை வாங்கினேன். இதை எதுக்கு நான் ஒளிக்கணும்?"

அக்காவின் வீட்டுக்காரர் பெயின்டர் மெதுவாக வாயைத் திறந்தார். "ஒரு நாளைக்குத்தானே..."

"நீங்க சும்மா இருங்க." அவர் சும்மா இருந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

பிறகு தையற்காரம்மாவின் முறை வந்தது. அதிகாரி அவர் வீட்டுக்கு வருகிறார் என்று தகவல் தெரிந்ததும் டிவி இடம் பெயர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தையற்காரம்மா, மறு பக்கம் நான். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நடைவழியில் தத்தளித்தோம். அக்கா தன் வீட்டுக் கதவை விரியத் திறந்தார். "உள்ள கொண்டா. உன் பையன் படிப்பு, உன் இஷ்டம். எனக்கு மட்டும் புத்தி சொல்ல வராதே." டிவியை மேஜையில் வைத்து, மேலே போர்த்தியிருந்த பெட்ஷீட்டை உருவி எறிந்தார். "என் வீட்டுல எதுவும் முக்காடு போட்டுக்கிட்டு உக்காராது!"

அக்காவின் வீட்டுக்கு அதிகாரி வருவது அடுத்த வாரம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் நான்கு மாடி ஏறி வந்த மனிதர் மறுபடியும் ஏறுவதற்குப் பைத்தியமா என்ன? தையற்காரம்மா வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதே தளத்துல இன்னொரு பேரும் இருக்கே, அதையும் முடிச்சிடலாம்" என்று எதிரே திரும்பிவிட்டார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வாஷிங் மெஷின், பிரிட்ஜ், சுவரில் அக்காவின் டிவி, மேஜையில் இன்னொரு டிவி. நடுவில் அக்கா, பெயின்டர், திருட்டு முழியோடு நான்.

"ரெண்டு டிவியா?" என்றார் அதிகாரி.

வாசலில் தையற்காரம்மா நின்றுகொண்டிருந்தார். மேஜை மேலிருப்பது யாருடையது என்று தெரிந்தால் அவர் மகன் கல்லூரிக் கனவு அங்கேயே காலி.

"ஆமா, ரெண்டு டிவிதான்" என்று முன்னால் வந்தார் அக்கா. "அவரு பார்க்கறது எனக்குப் பிடிக்காது, நான் பார்க்கறது அவருக்குப் பிடிக்காது. ஆளுக்கொண்ணு."

அந்த அதிகாரி ஊரெல்லாம் வீடு பார்த்துப் பழுத்தவர். "எதிர்வீட்டுச் சுவர்ல ரெண்டு ஆணி சும்மா நிக்குதே, அம்மா" என்றார் நிதானமாக.

"ஆணிக்கெல்லாமா கணக்கு எழுதறீங்க? சாமானைப் பார்த்து எழுத வந்தீங்க, எழுதிட்டுப் போங்க. ரெண்டும் என்னுதுதான்."

பொய் என்றால் முகத்தைச் சுளிக்கிற மனுஷி, கண்ணை இமைக்காமல் சொன்ன பொய் அது. அந்த நிமிடத்தில் அக்காவின் கால்களில் விழலாம்போல் இருந்தது எனக்கு.

அதிகாரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எங்களுக்கும் புரிந்துவிட்டது. கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். நல்ல மனிதர், இரக்கப்பட்டார். வினையே அங்கேதான்.

"சரிம்மா. ஒரு டிவின்னே போட்டுக்கறேன், எதிர்வீட்டைப் பத்தியும் நான் எதுவும் கேக்கலை. ஆனா இந்த வாஷிங் மெஷின்தான் சிக்கல். இது பட்டியல்ல இருந்தா மேல உக்காந்திருக்கறவங்க பேப்பரைத் தள்ளிடுவாங்க, உங்க சீட்டு போயிடும். அதையும் நான் பார்க்கலைன்னு விட்டுடறேன். பாவம், கஷ்டப்படற குடும்பம்."

பெயின்டர் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். தையற்காரம்மாவுக்கு மூச்சு திரும்பியது. எனக்கும்தான். அப்பாடா, அக்கா மெக்கானிக் ஆகிவிட்டார் என்று மனத்துக்குள் ஒரு துள்ளல்.

"யாரு சார் பாவம்?"

கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

"யாரைப் பார்த்துப் பாவம்ங்கறீங்க? ரெண்டு பேரும் சம்பாதிக்கறோம், வயிறாரச் சாப்பிடறோம், பொண்ணைப் படிக்க வைக்கறோம். என் படிப்புக்கு மட்டும் பத்தலை, கேட்டேன். துணி துவைக்க ஒரு மெஷின் வெச்சிருந்தா படிக்கக்கூடாதா? பார்க்காத மாதிரி விட்டுட்டுப் போறதுக்கு, நான் என்ன திருட்டுச் சாமானா வெச்சிருக்கேன் வீட்டுல?"

எதிர்வீட்டு டிவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்.

"அம்மா, எழுதினா சீட்டு போயிடும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"வேண்டாம்டி" என்று பெயின்டர் முனகினார். கல்யாணமானதிலிருந்து அக்காவை எதிர்த்து அவர் சொல்லி முடித்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா ஒரு நொடி அவரைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது, ஆசைப்பட்ட படிப்பாயிற்றே. பிறகு அதிகாரியின் கையிலிருந்து ஃபைலையும் பேனாவையும் வாங்கி, அந்த மெஷின் மேலேயே வைத்து, பட்டியலின் கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'வாஷிங் மெஷின். தவணை முழுசும் கட்டியாச்சு.' கையெழுத்தும் போட்டார். ஃபைலைத் திருப்பிக் கொடுத்து, பேனாவை மூடி, அதை அவர் சட்டைப்பையில் தானே செருகிவிட்டார்.