லாரன்ஸின் கணுக்கால் பட்டை

லாரன்ஸ் இறந்த செய்தி வந்தபோது வடசேரியில் எங்கள் ஜிம்மில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். இருந்த இடத்திலேயே நிற்கும் சைக்கிள். பக்கத்துச் சைக்கிள் அவருடையது. அன்று இன்னும் வரவில்லை. போனில் அவருடைய மருமகன், "மாமா காலையில எழும்பல" என்றார். அடுத்து நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. லாரன்ஸுக்காக அழவில்லை. என் கழுத்தில் விரலை வைத்து நாடி பார்த்தேன்.

அந்த ஜிம்முக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மஸ்கட்டில் இருபது வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். கடற்கரைக்காரர், மெதுவாகப் பேசத் தெரியாது. மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவான என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் அவருக்கு எப்படி ஒட்டுதல் வந்தது என்று தெரியவில்லை. எனக்குச் சர்க்கரை, அவருக்கு ரத்த அழுத்தம். ஒரே டாக்டர் இருவரையும் வியர்க்கச் சொன்னார், அவ்வளவுதான். நான் எதற்காவது பயந்தால், "பேடிச்சு என்ன செய்ய மக்கா, மிதி" என்பார்.

ஒக்கிப் புயலுக்கு முந்தின வருஷம் அவர் மகன் துபாயிலிருந்து இரண்டு ஃபிட்னஸ் பேண்ட் கொண்டுவந்தான். கையில் கட்டிக்கொண்டால் நடந்த அடிகளையும் நெஞ்சுத் துடிப்பையும் எண்ணிப் போனில் காட்டும். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு. தினமும் யார் எத்தனை அடி என்று போடுவதற்கு அவனும் கூட்டாளிகளும் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தார்கள். அதில் எங்களையும் சேர்த்துவிட்டான்.

முதல் நாள் நாற்பது நிமிஷம் மிதித்தோம், பனியன் நனைந்துவிட்டது. பட்டை காட்டியதோ முப்பத்தெட்டு அடி. சைக்கிளில் கை அசையாமல் கைப்பிடியில் இருக்கிறது. கை வீசினால்தான் அதற்கு நடை. "இவ்வளவு வேர்த்து ஒழுகியும் நான் சும்மா இருந்தேன்னு சொல்லுது, பாத்தியா" என்று லாரன்ஸ் கொதித்தார். பட்டையைக் கணுக்காலில் கட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

அதன்பின் ஒவ்வொரு மிதியும் ஓர் அடியாயிற்று. ஒரே வாரத்தில் துபாய்ப் பையன்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு லாரன்ஸ் முதலில் நின்றார். ஒரே குறை, காலில் கட்டினால் நெஞ்சுத் துடிப்பு பிடிபடாது. போனில் அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் கிடக்கும்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள் பாதியில் மிதிப்பதை நிறுத்தினார். கைப்பிடியை இறுகப் பற்றித் தலையைத் தொங்கப்போட்டிருந்தார், முகம் வெளுத்திருந்தது. வாயு என்றார். பட்டையைக் கையில் கட்டிப் பாருங்கள், துடிப்பு எவ்வளவென்று தெரியும் என்றேன். "காலுல கெடக்கட்டும் மக்கா, இன்னைக்கு அடி எண்ணம் கொறஞ்சிரும்" என்று மறுபடி மிதிக்கத் தொடங்கினார். நான் வற்புறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பட்டை கையில் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும், டாக்டரிடம் போயிருப்பார், இன்று இருந்திருப்பார் என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. ஏழாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பிட அழைத்தார்கள். இதைச் சொல்லாமல் அங்கே கை நனைக்க முடியாது என்று தோன்றியது. அவருடைய மனைவி புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

புஷ்பம் திட்டவில்லை. "நீங்க சொன்னதுக்காக அவிய காலுல கெட்டல அண்ணே" என்றார். இரண்டு மாதத்துக்கு முன், நான் ஜிம்முக்குப் போகாத ஒருநாள், துடிப்பைப் பார்த்துவிடலாம் என்று கையில் கட்டி மிதித்திருக்கிறார் லாரன்ஸ். நூற்றெண்பதுக்கு மேல் காட்டியிருக்கிறது, அவர் வயதுக்கு மிக அதிகம். வீட்டுக்கு வந்து புஷ்பத்திடம் மட்டும் சொல்லியிருக்கிறார், பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"பொறவு கையில கெட்டவே இல்ல. அந்த நம்பரக் காண அவியளுக்குப் பேடி."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் வெளுத்த நாளுக்கும் முன்னால், லாரன்ஸ் வராத ஒருநாள் நானும் கையில் கட்டிப் பார்த்தேன், நானும் ஓர் எண்ணைக் கண்டேன், அன்றே பட்டையை மறுபடி காலுக்கு இறக்கினேன். அவரை நான் வற்புறுத்தாததும் அதனால்தான். அவர் கைக்கு மாற்றினால் நானும் மாற்ற வேண்டியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே விஷயத்துக்குப் பயந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமலே மிதித்திருக்கிறோம்.

அவருடைய உரத்த குரலும் கேலியும் உங்களிடமும் இருக்கும். எனக்கென்று மிஞ்சியது அவர் ஒளித்துவைத்த பயம். அதை நானும் ஒளித்துவைப்பதாக இல்லை. புஷ்பத்தின் வீட்டு முற்றத்தில் நின்றே என் மனைவிக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னேன். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"லாரன்ஸ் உசிரோட இருக்கும்போதே" என்றேன்.