கசக்குதா?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

அண்ணி ஒரு கண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நானும் அங்கேதான், அவருக்குக் கீழே. யாராவது பேய் என்று வாயைத் திறந்தால், "அதுக்கும் டோக்கன் போட்டு உட்கார வை" என்பார். அப்படிப்பட்ட ஆள்.

கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் எங்களிடம் அனுப்புவார்கள். கண்ணின் மூக்கோரத்தில் ஒரு பொடித் துளை உண்டு. கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்கு இறங்கும். அதில் மெல்லிய குழாயைச் செருகி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் மருந்தை ஏற்றிப் படம் எடுப்போம். அடைப்பு இல்லையென்றால் மருந்து தொண்டைவரை இறங்கிக் கசக்கும். அதனால் ஏற்றும்போதே கேட்டுவிடுவோம்.

அன்று சால்வை போர்த்திய ஒரு பெண் வந்தாள். இடது கண் மட்டும் அழுதுகொண்டிருந்தது. வலது கண் அண்ணியையே பார்த்தது.

அண்ணி மருந்தை ஏற்றினார்.

"கசக்குதா?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

"இப்ப?"

"எனக்கு இல்ல..."

அண்ணி எச்சில் விழுங்கினார். கசந்தது. அவர் தொண்டை கசந்தது.

சிரிஞ்சு காலி. படத்திலோ ஒரு துளி மருந்துகூட இல்லை.

எழுந்து உட்கார்ந்தவளின் கண் காய்ந்திருந்தது. அண்ணியின் இடது கண்ணிலிருந்து... சொட்.

அதன்பிறகு நிற்கவே இல்லை. தூக்கத்திலும் வடிந்தது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்துக் கைவிரித்துவிட்டார். கண் மங்கலாகி, அண்ணி இரண்டு பேருடைய படங்களை மாற்றிக் கொடுத்துவிட்டார். இன்னொரு தவறு நடந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார்கள். அண்ணனுக்கு வேலையில்லை. வீடே அண்ணியின் சம்பளத்தில்தான் ஓடியது. பயந்துபோனோம்.

ஒரு மத்தியானம் அண்ணியே வந்து மேஜையில் படுத்தார்.

"எனக்கும் அந்தப் படம் எடுத்துடலாம், குட்டி. நீயே ஏத்து."

"நானா அண்ணி? டாக்டர்..."

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. நீதான் ஏத்தணும்."

குழாயைச் செருகினேன். ஏற்றினேன்.

"கசக்குதா அண்ணி?"

அண்ணி கூரையையே பார்த்தார்.

"அண்ணி?"

கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கசந்தது...

எனக்கு.

மறுநாளே அண்ணி பளிச்சென்ற கண்ணோடு வேலைக்கு வந்தார். நான் கைக்குட்டையும் கையுமாக அலைகிறேன்.

போன வாரம் மருந்துக் கடையில் அந்தச் சால்வைக்காரியைப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, உன்கிட்டயா வந்துச்சு? அந்த எக்ஸ்ரே அம்மா என்னைத் தேடி வந்தாங்களே..."

"அண்ணியா? எப்போ?"

"கண்ணு வடிய ஆரம்பிச்ச மறுவாரமே. மருந்து ஏத்துறவங்களுக்கு இது போயிடும்னு சொன்னேன். யாரை ஏத்தச் சொல்றதுன்னு கேட்டாங்க. உங்களுக்கு ஆகாதவங்க யாராவது இருந்தா, அவங்க கையால ஏத்திக்கோங்கன்னேன்."

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இன்று காலையும் அண்ணி காபியை நீட்டிக்கொண்டே, "கண்ணு எப்படி இருக்கு, குட்டி?" என்று அன்பாக விசாரித்தார்.